வாஃபிளின் கடைசித் துண்டு

லில்லவிக் நகராட்சியில் யாரும் யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதில்லை. அது எங்கள் ஊரின் பெருமை. பக்கத்து நகராட்சிக்காரர்கள் முரடர்கள், கேட்டதற்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் அதிகாரிகள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "நீ இதைக் கேட்டது எவ்வளவு நல்லது" என்பார்கள். எங்கள் நாட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் 'நீ'தான். கேட்டவர் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போவார். அதன்பிறகு ஒன்றும் நடக்காது.

ஹில்டிங் எண்பத்திரண்டு வருஷம் இந்த ஊரிலேயே இருந்தும் இதைக் கவனிக்கவில்லை. மர அறுவை ஆலையில் நாற்பது வருஷம் இயந்திரம் பழுது பார்த்தவர் அவர். இயந்திரத்துக்கு நாகரிகம் தெரியாது. ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். நகராட்சியிடம் அவர் எதையும் கேட்டுப் போனதே கிடையாது. வரியை நாள் தவறாமல் கட்டினார், குப்பையை ஏழு வகையாகப் பிரித்துப் போட்டார், வாழ்நாளில் ஒரு வரிசையிலும் முந்தியதில்லை. முதன்முதலாக ஒன்று கேட்கப் போனது அந்த ஜனவரியில்தான். அதுவும் தனக்காக இல்லை.

அவர் மனைவி மய்லிஸ் நவம்பரிலிருந்து நகராட்சியின் 'வெயில்வெளி' முதியோர் இல்லத்தில், மாடியில், பதினான்காம் அறையில் கிடந்தாள். வாதம் வந்து இடது கை போயிருந்தது. வாய் போகவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள்; நாளைக்கு இரண்டு வாய் இறங்கினால் அதிகம். கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். இப்படியே போனால் பனி உருகும்வரை தாங்குவது கஷ்டம் என்று மருத்துவர் சொன்னார்.

"மார்ச் இருபத்தஞ்சு வாஃபிள் நாள் வருதில்ல?" என்றாள் மய்லிஸ். வாஃபிள் என்பது இரும்பு அச்சில் மாவு ஊற்றிச் சுடும் அப்பம்; அன்று நாடு முழுக்க வீட்டுக்கு வீடு அதுதான். "அன்னிக்கு எனக்கு ஒண்ணு வேணும், கிழவா. நம்ம அச்சுல ஊத்துனது. ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும். அதைத் தின்னுட்டு, இவங்க குடுக்கிற கூழைத் திங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்."

"கொண்டாரேன்" என்றார் ஹில்டிங்.

"சத்தியமா?"

"அட, கொண்டாரேன்னு சொல்றேன்ல."

ஐம்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் வாக்குத் தவறியதில்லை. அதிகம் வாக்குக் கொடுத்ததும் இல்லை.

மறுநாள் இல்லத்தின் தலைவி பெர்னில்லாவைப் பார்க்கப் போனார். சறுக்குவண்டியைப் பனியில் உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, காலணி மேல் நீல நெகிழி உறையை மாட்டிக்கொண்டு, எண்சீட்டு கிழித்துக் காத்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அவர் எண் நாற்பத்தொன்று. அழைப்பு விளக்கு முப்பத்தெட்டில் நின்றிருந்தது. அது ஒவ்வொன்றாக நகர்ந்து நாற்பத்தொன்றைத் தொடும்வரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெர்னில்லா அவரைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாஃபிள் நாள் அன்னிக்கு என் அச்சைக் கொண்டுவந்து, மய்லிஸுக்கு ஒரே ஒரு வாஃபிள் ஊத்திக்கட்டுமா?" என்று கேட்டார் ஹில்டிங்.

பெர்னில்லா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நீ இதைக் கேட்டது எவ்வளவு நல்லது தெரியுமா, ஹில்டிங்? இந்த மாதிரி சொந்தக்காரங்க எங்களுக்குக் கிடைக்கணுமே. இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

எங்கே எடுத்துப் போகிறார் என்று ஹில்டிங் கேட்கவில்லை. மாடிக்குப் போய், "சரின்னுட்டாங்க" என்று மய்லிஸிடம் சொன்னார்.

பெர்னில்லா அதை நகராட்சி மாளிகைக்கு எடுத்துப் போயிருந்தார். பிப்ரவரி முதல் வாரத்தில் 'வாஃபிள் நாள் வழிகாட்டுக் குழு' அமைந்தது. நான்கு பேர்: பெர்னில்லா, முதியோர் நல வாரியத் தலைவர் கிறிஸ்டர், ஒரு சத்துணவு நிபுணர், நகராட்சியின் உணவு உத்தி வகுப்பாளர் யோவாகிம். இந்த யோவாகிமுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முட்டையை உடைக்கத் தெரியாது, முட்டையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசத் தெரியும். ஹில்டிங்கைக் 'குடும்பக் குரல்' என்ற பெயரில் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்தார்கள்.

"முதல்ல ஒண்ணைத் தெளிவா வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தார் யோவாகிம். "வாஃபிள் நாள்ங்கிறது வாஃபிளைப் பத்தினது இல்ல. அது ஒரு அனுபவம். முதியவர் வாஃபிளைத் திங்கறாரான்றது சின்ன விஷயம். வாஃபிள் இருக்கிற ஒரு சமூகத்துல தானும் இருக்கோம்னு அவர் உணரணும்."

"அவ திங்கணும்ங்கிறா" என்றார் ஹில்டிங்.

"அருமை" என்று எழுதிக்கொண்டார் யோவாகிம். "விருப்பம். உணர்வு. இதைத்தான் நான் சொன்னேன்."

சத்துணவு நிபுணர் காகிதத்தைப் புரட்டினார். "மய்லிஸுக்கு மெல்லத் தேவையில்லாத உணவுன்னு குறிச்சிருக்கு. வாஃபிளைப் பாலில் ஊற வச்சு, அரைச்சு, ஜெல்லியா உறைய வச்சு, இதய வடிவத்துல வெட்டிக் குடுக்கலாம். கண்ணுக்கு வாஃபிளாத்தான் தெரியும்."

"ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும்னு கேட்டா."

"மொறுமொறுப்புல மூச்சடைச்சுக்கிற அபாயம் இருக்கு."

"அவ எப்படியும் சாகத்தான் போறா" என்றார் ஹில்டிங். எங்கள் ஊரில் யாரும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. குழு முழுக்க ஒரு வாய் காப்பி குடித்தது.

"ஆமா" என்றார் வாரியத் தலைவர் கிறிஸ்டர், மிகுந்த கருணையுடன். "ஆனா மூச்சடைச்சுச் சாகக் கூடாது. போன வருஷம் எங்க வாரியத்துல மூச்சடைப்புச் சாவு பூஜ்யம். அதைக் காப்பாத்தணும்."

"வேற எப்படிச் செத்தா பரவால்ல?"

"அதுக்கு வேற குழு இருக்கு, ஹில்டிங்."

அடுத்தது அச்சு. ஹில்டிங்கின் அச்சு வார்ப்பிரும்பு. நீளக் காம்பு, ஐந்து இதயங்கள் நுனியில் ஒட்டியபடி ஒரு பூவாக வாஃபிள் வரும். அடுப்பின்மேல் வைத்துத் திருப்ப வேண்டியதுதான். வெளியிலிருந்து வரும் சமையல் சாதனம் எதுவானாலும் மின் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்று படிவம் கொடுத்தார்கள். 'கம்பியின் நீளம்' என்ற இடத்தில் ஹில்டிங் 'கம்பி இல்லை' என்று எழுதினார். படிவம் திரும்பி வந்தது: முழுமையாக நிரப்பப்படவில்லை. விளக்கக் கடிதம் எழுதினார். கடிதத்தைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது, கூடவே அதே படிவமும்.

மூன்றாம் முறை வந்தபோது ஹில்டிங் பழைய மேசை விளக்கிலிருந்து அரை மீட்டர் கம்பியை வெட்டி, ஒட்டுநாடாவால் அச்சின் காம்பில் சுற்றிக் கட்டினார். கம்பியின் நீளம்: அரை மீட்டர். சோதனைக்காரர் வந்து கம்பியை இழுத்துப் பார்த்தார், கருவியை வைத்து அளந்தார், மின்கசிவு பூஜ்யம் என்று மகிழ்ந்து பச்சை வில்லையை ஒட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கூட்டத்தில் யோவாகிம் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கம்பி இருக்கே. கம்பி இருக்கிறதை அடுப்பு மேல வைக்கிறது நல்லதா, ஹில்டிங்?"

ஹில்டிங் அன்று முதல்முறையாகக் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

வெயில்வெளியில் யானிகா என்று ஒரு பணிப்பெண் இருந்தாள். மாடியில் பதினெட்டுக் கிழங்களுக்கு அவளும் இன்னொருத்தியும்தான். அதனால் அவளுக்கு விழுமியங்களைப் பற்றிப் பேச நேரம் கிடைத்ததில்லை. மார்ச் பாதியில், மய்லிஸின் கை மணிக்கட்டு எலும்பும் தோலுமாகியிருந்தபோது, அவள் ஹில்டிங்கை மருந்து அலமாரி பக்கம் இழுத்துப் போனாள்.

"வீட்லயே ஊத்தி, துணியில சுத்தி, மேல்சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டு வா. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன். அவ தின்னுட்டுப் போகட்டும்."

ஹில்டிங் நிஜமாகவே யோசித்தார். அவர் மேல்சட்டையில் உள்பை பெரியது. வீட்டிலிருந்து சறுக்குவண்டியில் ஆறு நிமிஷம், சூடு ஆறாது.

"அவங்க இன்னும் வேணாம்னு சொல்லலியே" என்றார். "ஒருத்தர் கூட சொல்லல. எல்லாரும் நல்லதுன்னுதான் சொல்றாங்க. நடந்துக்கிட்டிருக்கிற காரியத்தைத் திருட்டுத்தனமா செஞ்சா நல்லாவா இருக்கும்? அவங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே கொண்டாரேன்."

யானிகா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சரி, காத்திரு" என்றாள்.

மார்ச் இருபத்தைந்து புதன்கிழமை வந்தது. நாடு முழுக்க வீடுகளில் வெண்ணெய் வாசம். வெயில்வெளியில் அவித்த மீன். நிகழ்ச்சிப் பணியாளர்கள் வியாழக்கிழமைதான் வருவார்கள் என்பதால் வாஃபிள் நாள் மறுநாளுக்கு நகர்ந்திருந்தது.

"வாஃபிள் நாள்ங்கிறது ஒரு தேதி இல்ல, ஹில்டிங்" என்றார் பெர்னில்லா. "அது ஒரு மனநிலை."

மாடியில் மய்லிஸ் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இன்னிக்குத்தானே?"

"நாளைக்காம்."

"நீ வரிசையில நின்னே செத்துப்போவ, கிழவா."

வியாழன் மதியம் இரண்டு மணிக்குக் கீழ்க்கூடத்தில் விழா. நடக்க முடிந்தவர்களை நடத்தியும், முடியாதவர்களைத் தள்ளியும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் வெளிர் மஞ்சளில் ஒரு இதய ஜெல்லி ஆடிக்கொண்டிருந்தது. முன்னாள் தபால்காரர் ஒருவர் அதைக் கரண்டியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை யாரோ ஏற்கெனவே தின்னுட்டாங்கபோல இருக்கே" என்றார். அவருக்கு இரண்டாவது ஜெல்லி வைத்தார்கள்.

யோவாகிம் பேசினார். "நண்பர்களே, இன்னிக்கு நாம வாஃபிளைத் திங்கப் போறதில்ல. வாஃபிளைச் சந்திக்கப் போறோம். எத்தனை பேருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கும்? வெளியில இருக்கிறவங்க பாவம், சும்மா தின்னுட்டுப் போயிடறாங்க." வாரியத் தலைவர் கைதட்டினார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

பிறகு முக்கியமான அறிவிப்பு. குடும்பக் குரலுக்கு மதிப்பளித்து, முன்னோட்டமாக, விதிவிலக்காக, ஒரே ஒரு உண்மையான வாஃபிள் ஊற்றப்படும். கம்பியைத் தற்காலிகமாகக் கழற்றும் பொறுப்பை யோவாகிமே ஏற்றுக் கையெழுத்திட்டார். பணியாளர் அடுப்பில் அச்சைச் சுட வைத்து, வெண்ணெய் தடவி, ஹில்டிங் வீட்டில் கலக்கிக் கொண்டுவந்த மாவை ஊற்றினார். திருப்பினார். எடுத்தபோது ஐந்து இதயமும் பொன்னிறம், ஓரம் தேன்நிறம். கூடத்தில் இருந்த கிழங்கள் எல்லாம் மூக்கைத் தூக்கின. ஹில்டிங் சதுப்பு நிலத்தில் தானே பறித்த மஞ்சள் காட்டுப்பழத்தின் ஜாமையும் சின்னப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் சத்துணவு நிபுணர் புன்னகையோடு. "இங்க தங்கியிருக்கிறவங்களுக்குக் குடுக்கிற எதையும் முதல்ல பொறுப்பாளர்கள் ருசி பார்த்து உறுதி செய்யணும்."

பொறுப்பாளர்கள் நான்கு பேர். ஆளுக்கு ஓர் இதயம் பிய்த்துக்கொண்டார்கள். ஜாம் அருமை என்றார்கள். கிறிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். தட்டில் ஐந்தாவது இதயம் மிச்சமிருந்தது.

எங்கள் ஊரில் தட்டில் கடைசியாக இருக்கும் துண்டை யாரும் எடுப்பதில்லை. பெற்ற தாய் எடுத்தாலும் பத்து வருஷம் பேசுவார்கள். ஆனால் பாதி வெட்டி எடுக்கலாம். அதில் குற்றமில்லை, ஏனென்றால் கடைசித் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

"அதை நான் மேல எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார் ஹில்டிங்.

"தாராளமா!" என்றார் பெர்னில்லா. "வேற யாருக்கும் வேணாம்னா."

"எனக்கு வேணாம், வேணாம்" என்றார்கள் எல்லோரும். கிறிஸ்டரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் கதவோரம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். வாரியத் தலைவரைக் கேட்காமல் எடுப்பது சரியாக இராது என்று காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் சத்துணவு நிபுணர், "சும்மா ஒரு துளி" என்று இதயத்தைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் மிச்சத்தில் பாதி எடுத்தார். யோவாகிம் அதில் பாதி. கிறிஸ்டர் வந்தார். "எனக்கா? ஐயோ வேணாம், வேணாம்" என்றவர், கத்தியை எடுத்து, அதிலும் பாதியை நேர்த்தியாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

ஹில்டிங் இரண்டடி தள்ளி, கையில் ஜாம் புட்டியோடு நின்றார். கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். எண்பத்திரண்டு வருஷம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நீட்டவில்லை.

தட்டில் நகமளவு மிச்சமிருந்தபோது யோவாகிம் ஒரு சின்னப் பையைத் திறந்து, இடுக்கியால் அதை உள்ளே போட்டார். "பரிமாறின ஒவ்வொரு பண்டத்திலயும் மாதிரி எடுத்து ஏழு நாள் உறைபெட்டியில வைக்கணும், விதி அப்படி" என்று விளக்கி, பையின்மேல் எழுதினார்: வாஃபிள், முன்னோட்டம், பெறுநர் மய்லிஸ்.

ஹில்டிங் படியேறினார். ஜாம் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மய்லிஸ் தலையைத் திருப்பினாள். "வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு. எங்க?"

"அடுத்த சுத்துல வருது."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இயந்திரம் பழுது பார்த்தவருக்குப் பொய் சொல்ல வராது.

"ஓரம் மொறுமொறுன்னு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அவனுங்க தின்னானுங்களா?"

ஹில்டிங் தலையாட்டினார்.

"எல்லாத்தையுமா?"

"ஒரு துண்டு மிச்சம் வச்சாங்க."

மய்லிஸ் சிரித்தாள், சத்தமில்லாமல், ஒரு பக்க வாயால். "அதை நீ எடுக்கலியாக்கும்" என்றாள். அது கேள்வியில்லை. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது போய்விட்டாள். மூச்சடைப்பு இல்லை.

எங்கள் ஊரில் செத்தவர் அடக்கத்துக்கு நாலு வாரம்கூடக் காத்திருக்க வேண்டும். வாஃபிள் மாதிரிக்கு அவ்வளவு தாமதமில்லை. ஏழாம் நாள் அதை எடுத்து, விதிப்படி அழித்து, கையெழுத்திட்டார்கள். மய்லிஸ் அப்போது இன்னும் பிணவறையில் இருந்தாள்.

மே மாதம் மய்லிஸ் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. 'வாஃபிள் நாள் உன் எதிர்பார்ப்பை நிறைவு செய்ததா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிப்பிடவும்.' ஹில்டிங் அதை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் நினைவூட்டல் வந்தது. மூன்றாவது கடிதத்தில், பதில் வராததை மாற்றுக் கருத்து இல்லை என்று எடுத்துக்கொண்டு நன்றி தெரிவித்திருந்தார்கள். மாற்றுக் கருத்து இல்லாத முதியவர் நூறு சதவீதம் என்று வாரியம் அறிக்கை வெளியிட்டது.

ஜூனில் மதிப்பீட்டுக் கூட்டம். குடும்பக் குரலை மறக்கவில்லை, அழைத்திருந்தார்கள். ஹில்டிங் துவைத்துத் தேய்த்த சட்டையோடு போனார். மேசை நடுவில் ஒரு தட்டு. நகராட்சியின் பொறுப்பில் இருந்த சாதனமாதலால் அவர் அச்சிலேயே காலையில் வாஃபிள் ஊற்றியிருந்தார்கள். காம்பில் பச்சை வில்லை அப்படியே இருந்தது. கம்பியை மறுபடி சுற்றியிருந்தார்கள்.

"மய்லிஸை நாங்க மறக்க மாட்டோம்" என்றார் யோவாகிம். "அவ இல்லன்னா இந்த முன்னோட்டமே இல்ல. அவளோட பசி எங்களுக்கு ஒரு பாதையைக் காட்டுச்சு. அடுத்த வருஷம் இதை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோறோம். ஜெல்லிக்குப் புது அச்சு வாங்கறோம்." பெர்னில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் பேசப் பேச வாஃபிள் குறைந்தது. நான்கு இதயங்கள் போயின. ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சுற்றி நாலு பேரும் பார்வையைத் தவிர்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சத்துணவு நிபுணர் கத்தியை எடுத்தார்.

ஹில்டிங் கையை நீட்டி, அந்த இதயத்தை முழுசாக எடுத்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

கத்தி அந்தரத்தில் நின்றது. யோவாகிமின் பேச்சு பாதி வாக்கியத்தில் அறுந்தது. கிறிஸ்டர் காலித் தட்டைப் பார்த்தார், பிறகு ஹில்டிங்கின் வாயைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அந்த முகங்கள் இப்படி வெளிறியதை ஹில்டிங் கண்டதில்லை. மய்லிஸ் செத்த செய்தி கேட்டபோதும் இல்லை. பெர்னில்லாவின் கழுத்திலிருந்து சிவப்பு மேலேறியது. தலை சாயவில்லை, கண் சுருங்கவில்லை.

"ஹில்டிங்" என்றார். "அப்படியெல்லாம் எடுக்க முடியாது."

ஹில்டிங் மெல்ல மென்றார். ஓரம் நமத்துப்போயிருந்தது. விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அச்சை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இந்த வார்த்தையை நீ ஜனவரியிலயே சொல்லியிருந்தா" என்றார், "அவ தின்னுட்டுப் போயிருப்பா."